பிரிக்கக் கூடாத பொட்டலம்

அந்த அம்மா மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒரு ஓரத்தைக் கிழித்து, நேராக நாக்கில் கொட்டி, தண்ணீர் குடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தவர்களுக்கு மூன்று நாளில் குணமாகும் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நான் பிரித்துப் பார்த்தவன். எனக்கும் குணமானது.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே இருந்த ஒரே ஆஸ்பத்திரியை ஒரு டாக்டர் தம்பதி நடத்தினார்கள். கணவர் பெரிய டாக்டர், மனைவி டாக்டரம்மா. மூன்றாவது ஆள் இந்த அம்மா. நர்ஸ், கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குவது, டோக்கன் கொடுப்பது எல்லாம் அவர்தான். ஊர் அவரைச் சிஸ்டர் என்றது. சேலம் டவுனில் ஏதோ ஒரு மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் வேலைக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையிலேயே நாற்பது வருடம் தங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்குச் சேலம் போவார். இரண்டாம் நாள் திரும்பி வந்து கதவைத் திறப்பார்.

மருந்து கொடுக்கும் இடத்தில் கம்பிவலை போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. சீட்டை வாங்கியதும் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். மாத்திரை நொறுங்கும் சத்தம் கேட்கும். பிறகு காகிதம் சரசரக்கும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை வைத்திருப்பார். ஒரு தாளுக்கு நாலு பொட்டலம். திரும்பி நீட்டும்போது எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம், ஒரே மடிப்பு. எது முதலில் மடித்தது, எது கடைசி என்று தெரியாது. அஷ்டமி, நவமி என்று அச்சடித்த தாளில் மருந்து வாங்க மாட்டேன் என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் எழுத்து உள்ளே போகும்படி மடிப்பார்.

"ஏனுங்க சிஸ்டர், எதுக்குத் திரும்பி நின்னு மடிக்கறீங்க? எங்க முன்னாடியே மடிச்சா என்ன?" என்று ஒருமுறை ஒரு தறிக்காரர் கேட்டார்.

"பாத்துட்டே நின்னா எண்ணுவீங்க. எண்ணினா பயம் வரும். பயந்தா ஒண்ணைத் தின்னுட்டு ஒண்ணை எறவாணத்துல சொருகி வெப்பீங்க. பேசாம வாங்கிட்டுப் போங்க."

தறிக்காரர் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டு எறவாணத்தில், கூரை ஓரத்துச் சந்தில், நிறையப் பொட்டலம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினெட்டு வயதில் போர்வெல் ரிக் வண்டியில் ஏறினேன். வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் திரும்பி வர ஒன்பது மாதம், பத்து மாதம் ஆகும். மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர். வண்டி கிளம்பும் நாளில் எனக்கு வயிற்று வலி வரும். நடிப்பில்லை, சுருட்டிப் போட்டுவிடும். பெரிய டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்லுவார். சிஸ்டர் திரும்பி நின்று இருபது பொட்டலம் மடித்துக் கொடுப்பார். வண்டி கிளம்பியதும் நான் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். வலி விட்டுவிடும்.

மூன்றாவது வருடம், தொப்பூர் ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது, ஒன்றைப் பிரித்தேன். வெள்ளைத் தூள். தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. குளுக்கோஸ். இன்னொன்றைப் பிரித்தேன், அதுவும் அதுவே. கோபம் வந்தது. ஆனால் கொட்டிவிட மனம் வரவில்லை, விழுங்கினேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் வலி விட்டிருந்தது. அது எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

மழைக்கு ஊர் வந்ததும் ஜன்னல் முன்னால் போய் நின்றேன்.

"எனக்குக் குடுத்தது குளுக்கோஸ்தானுங்க?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் ஆள் இருந்தது. குரலை இறக்கினார்.

"வலி போச்சா?"

"போச்சு."

"தெரிஞ்ச பொறவு?"

"தெரிஞ்ச பொறவும் போச்சு."

"அப்ப உனக்கு என்ன நட்டம்? வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத சாமி. இங்க உன்னை மாதிரி எத்தனையோ பேரு வாராங்க. நீ சொன்னா அத்தனை பேருக்கும் வலி திரும்பிடும்."

நான் சொல்லவில்லை. வண்டியில் கூட வேலை செய்தவர்களிடமும் சொல்லவில்லை. என்னிடம் தங்கிய விஷயங்கள் குறைவு. வேலை, ஊர், கூட்டாளி எதுவும் தங்கியதில்லை. இது ஒன்று இருபது வருடத்துக்கு மேல் தங்கியது.

எல்லாப் பொட்டலமும் குளுக்கோஸ் என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கு மருந்து, யாருக்குத் தூள் என்பதை டாக்டர் சீட்டில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவாராம். அவர் வைக்காத இடத்தில் சிஸ்டராக எதுவும் செய்ததில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் என் நெஞ்சை உறுத்திய ஒரு விஷயமும் உண்டு.

என் அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு அது தெரியாது. சிஸ்டரிடம் பொட்டலம் வாங்கித் தின்றுகொண்டு, தேறி வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். மரவள்ளிக் கிழங்கு வெட்டும்போது தினமும் கிழங்குக் காட்டில் நின்று ஆட்களை ஏவினார். கடைசி வண்டி கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போன அந்த வாரத்தில் படுத்தார். எழவில்லை. மாமா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்.

"அவ பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சே இத்தனை நாளு என்னத்தக் குடுத்தீங்க?"

"வலிக்குக் குடுத்தேனுங்க."

"ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அவங்க என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கெழங்கு வெட்டு முடியற வரைக்கும் நடக்கணும்னாங்க. நடந்தாங்க."

மாமா படியில் உட்கார்ந்து அழுதார். சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, உள்ளேயும் போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். செய்தது சரியா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மாமா உட்கார்ந்து அழுத அந்தப் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஏழு படி. கட்டுகிற காலத்தில் ரோட்டில் மழைத்தண்ணீர் இடுப்பளவு ஓடியதைப் பார்த்து டாக்டர் தரையை உயர்த்திவிட்டார். தண்ணீர் அதற்குப் பிறகு அந்த வழியே வந்ததே இல்லை. நடக்க முடியாதவர்களை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குவோம். கதவு குறுகல். நாற்காலியைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். கக்கூஸ் வெளியே, வேலி ஓரத்தில். ஊசி போடும் அறையில் மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. சர்க்கரை வியாதியில் கண்பார்வை போன ஒரு பெரியம்மா வாரம் ஒருமுறை வருவார். யாரையும் கை பிடிக்க விடமாட்டார். ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறி, ஏழு என்றதும், "வந்துட்டேன் சாமி" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

கொரோனாவுக்கு முன்னால் டாக்டரம்மா போனார். அது ஓய்ந்த பிறகு பெரிய டாக்டரும் போனார். ஒரே மகள் வெளிநாட்டில். அந்த இடம் மருத்துவத்துக்காக ஊர் கொடுத்தது, ஊரே திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு முடிவு செய்யட்டும் என்று கடிதம் எழுதிவிட்டார். கட்டடத்தை என்ன செய்வது என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கி ஒரு வருடம் ஓடியது.

அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேறு ஊரில் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிஸ்டர் பழக்கத்தில் காலையில் கதவைத் திறந்து கூட்டிப் பெருக்குவார். காய்ச்சல், தலைவலி என்று வந்தவர்கள் அந்த மர பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். டாக்டரின் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "இப்பத் தேவலைங்க சிஸ்டர்" என்று எழுந்து போனார்கள். கைராசி அந்தச் சுவரில் இருக்கிறது என்றார்கள். சிஸ்டரிடம் மருந்து இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. முதலில் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். மனசுக்கு ஆறுதல்தானே என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் நான் ஊரில் இருந்தேன். ஒரு முற்பகலில், தறிக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எறவாணத்தில் பொட்டலம் சொருகியவர்தான். சிஸ்டர் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்தபோது அவர் வேர்த்து நனைந்திருந்தார்.

"எந்நேரமா உக்காந்திருக்கீங்க?"

"முக்காமணி நேரம் இருக்குமுங்க. சித்தெ இருந்தாச் சரியாப் போயிருமுங்க."

சிஸ்டர் போட்ட சத்தத்தில் நானும் ரிக் வண்டி டிரைவர் ஒருவரும் ஓடினோம். திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோக டெம்போ வந்து நின்றது. இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, கதவில் சாய்த்து, படியில் இறக்கினோம். நாலாவது படியில் அவர் தலை என் தோளில் விழுந்தது. டெம்போ தேவைப்படவில்லை.

சிஸ்டர் மேல்படியில் நின்றிருந்தார். கையில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. மறுநாள் அவர் கதவைத் திறக்கவில்லை. வந்தவர்கள் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதத்தில்தான் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு இளம் பெண் டாக்டர் வந்து கட்டடத்தைப் பார்த்தார். இங்கே தொழில் செய்யச் சம்மதம், ஆனால் இந்தக் கட்டடத்தில் அனுமதியே கிடைக்காது என்றார். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும், அகலமான கதவு வேண்டும், உள்ளேயே கழிப்பறை வேண்டும். பழையதைச் சரி பண்ணி இதையெல்லாம் கொண்டுவர முடியாது. இடித்துக் கட்டுவதென்றால் கார்த்திகைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் ராசிபுரத்தில் ஓர் இடம் இருக்கிறது, நான் போய்விடுவேன் என்றார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. இடிக்கக் கூடாது என்ற பக்கத்துக்குத் தோட்டத்துக்காரர் ஒருவர் தலைவர். அந்த இடத்தை மருத்துவத்துக்கென்று ஊருக்கு எழுதிக் கொடுத்தது அவருடைய அப்பா. இடித்துக் கட்டலாம் என்ற பக்கத்துக்கு ரிக் முதலாளி. நான் முன்பு வேலை செய்து விட்டுப் போனது அவரிடம்தான். தோட்டத்துக்காரரின் தங்கையைக் கட்டியவர். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் போட்டார்கள்.

"பெரிய டாக்டரு கைபட்ட செவுருங்க. அதையப் போயி கடப்பாரையில குத்தினா ஊரு வெளங்குமா?" என்றார் தோட்டத்துக்காரர்.

"கைராசி செவுத்துலயா மச்சான் இருக்குது? அப்ப எதுக்கு டாக்டருக்குப் படிக்கறாங்க? இதைக் கட்டின கொத்தனாரைக் கூட்டியாந்து ஊசி போடச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாப்ள, நீ பூமிய ஓட்டை போட்டே பழகினவன். மேல நிக்கறது எதைப் பாத்தாலும் உனக்குக் கண்ணு உறுத்தும்."

"நின்னாப் பரவால்லீங்க, நம்ம தலையில உழுகுமுங்க. ஊசி ரூமுல அண்ணாந்து பாத்தீங்களா?"

"அது சித்தெ காரை பூசினாச் சரியாப் போவுது."

"ஏழு படிக்கும் காரை பூசுவீங்களா?"

சிஸ்டரைக் கேளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தார். "நான் வேலைக்கு வந்தவ. என்னை எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார். இடித்தால் அவருடைய அறையும் போகும், போக்கிடம் கிடையாது, பாவம் எப்படி வாயைத் திறப்பார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தோட்டத்துக்காரர் பக்கத்தில் பாதிப் பேர் அவருக்காகவே நின்றவர்கள்.

மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை. கார்த்திகை பாதி போய்விட்டது. கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூ கேட்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் பூ கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வந்த நிறம்தான் அம்மன் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

பொட்டலம் யார் மடிப்பது என்பதில் அடுத்த சண்டை. பூசாரி தோட்டத்துக்காரருக்குப் பங்காளி. பஞ்சாயத்து கிளார்க் ரிக் முதலாளி வீட்டுக்கு ஒறம்பரை, உறவுக்காரர். அப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிஸ்டர் பெயரைச் சொன்னது. அவர் இந்தச் சாமியைக் கும்பிடாதவர், ஊரில் யாருக்கும் சொந்தமில்லாதவர். பொட்டலத்தில் வித்தியாசம் தெரியாமல் மடிக்க அவரை விட்டால் ஆளும் இல்லை.

"வெள்ளைதான் நல்ல பூவு. கட்டடம் நிக்கறதுக்கு வெள்ளை" என்றார் தோட்டத்துக்காரர்.

"அதென்னுங்க மச்சான், நல்லதெல்லாம் எப்பவும் உங்களுக்கே?"

"உன்ற தங்கச்சியவா கேட்டேன்? என்ற தங்கச்சியத்தான் உனக்குக் குடுத்தேன். நல்லதெல்லாம் யாரு ஊட்டுல இருக்குதுன்னு பாத்துக்க."

சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்துவிட்டு சிஸ்டர் பேசினார். "செவப்பே இடிக்கறதுக்கு இருக்கட்டுங்க. ஆனா ரெண்டும் அரளியா இருக்கணும். வேற வேற பூவுன்னா தொட்டாலே தெரிஞ்சிடும்." அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

எடுப்பதற்குக் கண் தெரியாத பெரியம்மாவைச் சொன்னார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட வேண்டும். பிரித்தால் அம்மன் சொன்னதைச் சரிபார்த்த மாதிரி ஆகிவிடும். அதை யார் போடுவது என்று பூசாரி கேட்டதும், சிஸ்டர் என்னைக் காட்டினார்.

"இவன்கிட்டக் குடுங்க. எந்தப் பக்கமும் இல்லாதவன். இன்னும் நாலு நாள்ல வண்டி ஏறிடுவான்."

"இவனுங்களா? ஒரு எடத்துல நிக்காதவனாச்சுங்க" என்றார் ரிக் முதலாளி.

"அதனாலதாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் சிஸ்டர் பூவை வாங்கிக்கொண்டு தன் ஜன்னலுக்குப் பின்னால் போனார். காலண்டர் தாள் என்றால் தேதி காட்டிக் கொடுக்கும். அதனால் டாக்டரின் சீட்டுப் புத்தகத்தில் ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து இரண்டாக்கினார். வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மடித்தார். இரண்டையும் தாம்பாளத்தில் போட்டு, தானே ஒருமுறை குலுக்கி, பூசாரியிடம் நீட்டினார். கோயிலுக்கு உள்ளே வராமல் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார்.

பெரியம்மா தாம்பாளத்தில் கையைத் துழாவினார். இரண்டையும் தொட்டார். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பூசாரி பிரித்தார். சிவப்பு.

ரிக் முதலாளிகூடச் சிரிக்கவில்லை. தோட்டத்துக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்தார். "ஆத்தா சொல்லிப்போட்டா. பொறவென்ன? தையில கடைக்கால் எடுத்துருங்க" என்றார். வெளியே வந்து சிஸ்டர் முன்னால் நின்றார்.

"உங்க ரூமு போச்சேங்க அம்மா."

"போகட்டுங்க."

பெரிய வாய்ப்பேச்சுக்காரர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மற்றப் பொட்டலம் என் கையில் இருந்தது. கோயில் கிணறு பின்பக்கம், கொஞ்சம் தூரம். சுவரில் கையை ஊன்றி நின்றேன். பிரித்தேன். நான் அப்படித்தான். உள்ளே சிவப்பு அரளி.

கூட்டம் கலையாமல் இருந்தது. திரும்பிப் போய்க் கையை விரித்துக் காட்டினால் போதும். காட்டினால் மறுபடி கூட்டம், மறுபடி சண்டை. டாக்டர் ராசிபுரம் போய்விடுவார். சிஸ்டரை ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். காட்டாவிட்டால், சாமி பெயரில் நடந்த ஒன்று என் சட்டைப் பையோடு இருக்கும். மடிக்கப் பார்த்தேன். அவர் மடித்த மடிப்பு எனக்கு வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சுவரில் மாதா படம். அதன் முன்னால் ஒரு ஊசி மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அந்த வெள்ளை அரளியை வைத்திருந்தார். ஒளித்து வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேலி ஓரத்தில் செவ்வரளி பூத்துக் கிடந்தது.

"கெணத்துல போட்டாச்சா?"

"இல்லீங்க."

"பிரிச்சுட்டே."

"ரெண்டும் செவப்பு."

"தெரியும். குடு இங்க."

கொடுத்தேன். கசங்கிய தாளை முழங்காலில் வைத்து நீவினார். பூவை நடுவில் வைத்தார். முதன்முறையாக எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடியே மடித்தார். நாலு மடிப்பு, ஒரு சொருகல். பழையபடி ஆகிவிட்டது.

"இப்பப் போய்ப் போடு."

"இது தப்பில்லீங்களா?"

"தப்புத்தான். அவங்க சாமிக்கு முன்னாடி, என்னை நம்பிக் குடுத்தாங்க. ஞாயித்துக்கெழம சேலம் போறேன். எங்க கோயில் சாமியார்கிட்டச் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டுக்கறேன். அது என் பாடு."

"குளுக்கோஸ் குடுத்த மாதிரின்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

அவர் கை நின்றது. பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இல்லடா. நான் குளுக்கோஸ் குடுத்தா, மூணு நாள் கழிச்சு வரச் சொல்லுவேன். வந்ததும் கண்ணைப் பாப்பேன், நாக்கைப் பாப்பேன். கொறையலேன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன். அந்தப் பெஞ்சு யாரையாச்சும் பாக்குமா? அவரு முக்காமணி நேரம் உக்காந்திருந்தாரு. நாந்தான் தெனமும் கதவைத் தொறந்து வெச்சேன்."

நாலாவது படி எனக்கு ஞாபகம் வந்தது.

"கூட்டத்துல வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்களா? நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க."

"சொன்னா, சிஸ்டர் நமக்கோசரம் தன் ரூமையே உட்டுக் குடுக்கறாங்கன்னு சொல்லி, இன்னும் பிடிவாதமா நிப்பாங்க. உன் ஊர்க்காரங்களை எனக்குத் தெரியாதா?"

அதுவும் சரிதான். தோட்டத்துக்காரர் அப்படித்தான் நின்றிருப்பார்.

"அப்பறம் எதுக்கு என்கிட்டப் போடச் சொன்னீங்க? பூசாரின்னா பிரிக்காமப் போட்டிருப்பாரு. நான் பிரிப்பேன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்." ஒரு சேலையை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். "இத்தனை வருசமா பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கும் டாக்டருக்கும் தெரியும். இப்ப அவரு இல்ல. ஒருத்தியா தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இருக்க முடியலடா. நீ அன்னிக்கே பிரிச்சவன், வெளிய சொல்லாதவன்."

நான் போய்ப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். கொஞ்ச நேரம் மிதந்தது. தாள் நனைந்து விரிவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வண்டி ஏறினேன். வயிற்று வலி வந்தது. கேட்க யாரும் இல்லாததால் பொறுத்துக்கொண்டேன்.

இடிப்பதற்கு முன்னால் அந்தப் பெஞ்சைப் புது ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்களாம். போய்ப் பார்த்தால் பெஞ்சு இல்லை. சிஸ்டர் முந்தின நாளே ஆளை வைத்து அறுத்து, இட்லிக் கடைக்கு விறகாகக் கொடுத்துவிட்டார். கரையான் அரித்திருந்தது என்று காரணம் சொன்னாராம். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அங்கேயும் எல்லோருக்கும் மாத்திரை பிரித்துக் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டிருந்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்தார். நான் சத்தீஸ்கரில் இருந்தேன். போனில் சொன்னார்கள். அன்று எண்ணூறு அடி இறக்கினோம், தண்ணீர் வரவில்லை.

இந்த வருடம் மழைக்கு ஊர் வந்தபோது கையில் அடிபட்டிருந்தது. இரும்புக் குழாய் நசுக்கிய விரல். புது ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வான கட்டடம். வாசலில் இருந்து கதவு வரைக்கும் சாய்தளம். அகலமான கண்ணாடிக் கதவு. அந்தப் பெண் டாக்டர் தையல் போட்டு, மாத்திரையை அட்டையோடு கொடுத்தார். பெயர், தேதி எல்லாம் அதிலேயே அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெரியம்மா வந்துகொண்டிருந்தார். வயதாகிவிட்டது. ஆனால் இப்போதும் யாரையும் கை பிடிக்க விடுவதில்லை. சாய்தளத்தின் முனைக்கு வந்ததும், "ஒண்ணு" என்று சொல்லிக் காலை உயரத் தூக்கினார். படி இல்லாத இடத்தில் கால் காற்றில் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. இத்தனை வருடம் ஆகியும் கால் மறக்கவில்லை. தன்னைத் தானே பார்த்துச் சிரித்தார்.

"இதா பாரு, இன்னும் படியத் தேடுது" என்றார். நான் நிற்பது தெரிந்துவிட்டது. "ஆரு சாமி அது?"

சொன்னேன்.

"ரிக்குக்காரனா? நீதான அந்தப் பொட்டலத்தைக் கெணத்துல போட்டது?"

"ஆமாங்க."

"இந்தக் கையாலதான் சாமி செவப்ப எடுத்தேன்." கையை என் முன்னால் நீட்டினார். "அந்தச் சிஸ்டரு ரூமு என்ற கையாலதான் போச்சு. வெள்ளைய எடுத்திருந்தா அவங்க இங்கியே இருந்திருப்பாங்களேன்னு படுத்தாத் தூக்கம் வரமாட்டீங்குது. ரெண்டையும் தொட்டனே, கூட இருந்தத எடுத்திருக்கக் கூடாதா?"

ஊர்ப் பெயரை நான் இதில் எழுதாததற்குக் காரணம், ஊரில் இதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்பதுதான். எல்லோருக்கும் தெரிந்தால் இன்னொரு கூட்டம் போடுவார்கள். ஆனால் பெரியம்மாவின் கை என் முன்னால் நீண்டபடியே இருந்தது. வலியோடு வந்த யாரையும் சிஸ்டர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"நான் பிரிச்சுப் பாத்தனுங்க பெரியம்மா. நீங்க எதை எடுத்திருந்தாலும் செவப்புத்தான்."

அவர் அசையாமல் நின்றார். உதடு மட்டும் ஏதோ எண்ணுகிற மாதிரி அசைந்தது. பிறகு நீட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஆருகிட்டயும் சொல்லாத சாமி" என்றார்.

அப்புறம் எண்ணாமல், காலைத் தூக்காமல், சாய்தளத்தில் நேராக நடந்து போனார். கதவுக்குள் போனதும் அவர் குரல் கேட்டது.

"வந்துட்டேன் சாமி."